மரணப் படுக்கையில் உறக்க மருந்து

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தோம். நமக்கு நன்கு தெரிந்த இளைஞர் ஒருவர் காத்து நின்றார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவர். முகம் வாடியிருந்தது. ஓரமாக அழைத்துச் சென்று கேட்டார்:

“மாமா, அத்தாவுக்கு இனி மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறதுதான் வழின்னு டாக்டர் சொல்றாரு. நான் கையெழுத்துப் போடணுமாம். போட்டா, அத்தாவை நானே கொன்ன மாதிரி ஆயிடுமா? கலிமா சொல்லாமப் போயிட்டா மறுமையில நான் என்ன பதில் சொல்றது?”

அவருடைய தந்தை நாற்பது ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக உழைத்தவர். நுரையீரலில் புற்றுநோய் கண்டு, அது எலும்பிலும் பரவிவிட்டது. இனிக் குணமாக்கும் சிகிச்சை இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் சேர்த்திருந்தார்கள். எலும்பு வலி மார்பின் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் கடைசி நாட்களில் மூச்சுத் திணறல் மிகுந்தது. காற்றுக்காகத் தவிப்பார், படுக்கையை விட்டு எழுந்து ஓடப் பார்ப்பார், சட்டையைப் பிய்ப்பார், பெற்ற மக்களையே அடையாளம் தெரியாமல் கத்துவார். ஆக்ஸிஜன் வைத்தார்கள், மருந்துகளை மாற்றினார்கள். எதுவும் பலிக்கவில்லை. அப்போதுதான் டாக்டர் உறக்க மருந்தைப் பற்றிப் பேசினார். நோயாளியின் அண்ணனோ, “மூமினுக்கு வேதனை பாவப் பரிகாரம். சபுர் செய்யட்டும். போதை ஊசி போட்டு ஈமானைக் கெடுக்காதே” என்று தடுத்துவிட்டார். பெரியத்தாவின் சொல்லை மீற மகனால் முடியவில்லை.

நாம் என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். “ஆலிம்களிடம் கேட்டுச் சொல்கிறோம்” என்று கூறிவிட்டு வந்துவிட்டோம். கேட்டு முடித்துப் பதில் சொல்ல ஞாயிற்றுக்கிழமை மாலை ஆகிவிட்டது. வெள்ளி இரவும் சனி இரவும் அந்த மனிதர் மூச்சுக்காகப் போராடிக் கழித்தார். வெள்ளியன்றே எழுந்து நடந்திருந்தால் அந்த இரண்டு இரவுகளையும் அவருக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம். இன்னொரு வீட்டில் இப்படி ஒரு தாமதம் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இது என்ன மருந்து?

பலர் நினைப்பது போல இது உயிரை நிறுத்தும் ஊசி அல்ல. ஆபரேஷனுக்கு முன் படபடப்பைத் தணிக்கக் கொடுக்கும் மிடாசோலம் போன்ற மருந்துகளையே இதற்கும் பயன்படுத்துகிறார்கள். மரணம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வரவிருக்கும் நிலையில், வேறு எந்த மருந்துக்கும் அடங்காத திணறலோ, புத்தி தடுமாறிய கொந்தளிப்போ, இரத்தப் பெருக்கோ ஏற்படும்போதுதான் இதைக் கையாள்வது முறை. முதலில் மிகக் குறைந்த அளவு கொடுத்துப் பார்ப்பார்கள். தவிப்பு அடங்கினால் அந்த அளவோடு நிறுத்துவார்கள். அடங்கவில்லையென்றால் மட்டுமே சிறிது கூட்டுவார்கள். இரவில் உறங்க வைத்துக் காலையில் விழிக்க விடவும் முடியும். முறையாகக் கொடுக்கப்படும் இந்த மருந்து ஆயுளைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே இது குறித்து நடந்த ஆராய்ச்சிகளின் முடிவு. நோயாளி இறப்பது நோயால்தான்.

மார்பினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அபினிலிருந்து எடுக்கப்படுவது என்பதால் நம்மவர் பலர் அஞ்சுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை வகுத்து, கடும் வலிக்கு மார்பினைப் பரிந்துரைத்தது. மருத்துவ உபயோகத்துக்கான அபினை விளைவித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடு நம் நாடு. எனினும் 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், லைசென்ஸ் தொல்லைகளுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகள் மார்பினையே கைவிட்டன. 1997க்குள் அதன் மருத்துவ உபயோகம் ஏறத்தாழ 97 சதவீதம் வீழ்ந்துவிட்டது. கள்ளக் கடத்தலைத் தடுக்க வந்த சட்டம், புற்றுநோயாளியின் வாயிலிருந்து மருந்தைப் பறித்தது. 2014ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்ட பிறகே நிலைமை சிறிது இளகிற்று.

கொலையா, நிவாரணமா?

உயிர் அல்லாஹ்வின் அமானத். அதைப் பறிக்கப் பிறருக்கும் உரிமை இல்லை. நோயாளிக்கும் உரிமை இல்லை. உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற தடை அந்நிஸா அத்தியாயத்தில் உண்டு. காயத்தின் வேதனை பொறுக்காமல் கத்தியால் தன் கையை வெட்டிக்கொண்டு இறந்த முன்காலத்து மனிதனைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஆகவே, வேதனையை முடிப்பதற்காக உயிரை முடிப்பது ஹராம். இதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. நம் நாட்டுச் சட்டத்திலும் அது குற்றமே. 2018 மார்ச் 9ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் வழங்கிய தீர்ப்பு, பயனற்றுப்போன உயிர்காப்புக் கருவிகளை விலக்குவதைப் பற்றியது. விஷ ஊசிக்கு அது அனுமதி தரவில்லை.

ஆனால் வேதனையைத் தணிப்பது வேறு, உயிரைத் தணிப்பது வேறு. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது நாம் சிறு வயதிலேயே ஓதிய ஹதீஸ். கொல்ல நினைப்பவன் நோயாளி அமைதியாகிவிட்ட பிறகும் மருந்தைக் கூட்டுவான். ஏனெனில் அவனுக்கு அமைதி போதாது. தணிக்க நினைப்பவர் அமைதி கிடைத்த இடத்தில் கையை நிறுத்திவிடுவார். எண்ணம் உள்ளத்தில் ஒளிந்திருந்தாலும் மருந்தின் அளவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். நிர்ப்பந்தத்துக்காக அனுமதிக்கப்பட்டது, நிர்ப்பந்தத்தின் அளவோடு நிற்கவேண்டும் என்று ஃபுகஹாக்கள் வகுத்த விதியும், சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கும் டாக்டரின் முறையும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கவனியுங்கள்.

அறிவை மறைக்கும் பொருளாயிற்றே என்ற ஐயத்துக்கும் நம் முன்னோர் விடை தந்துள்ளனர். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அழுகிய கையை வெட்டி எடுக்கும்போது அறிவை மறைக்கும் மருந்தை உட்கொள்ளலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, கூடும் என்பதே சரியான கருத்து எனக் கூறுகின்றார்கள். இன்று ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்தை மறுக்கும் முஸ்லிமை நாம் கண்டதில்லை. சிசேரியனுக்குக் கூடுமென்றால், மூச்சு முட்டி மரிப்பவருக்கு மட்டும் ஏன் கூடாது?

சபுர் யாருடையது?

வேதனை பாவத்தைக் கழுவும் என்பது உண்மை. ஒரு முள் குத்தினாலும் அதற்கீடாகப் பாவம் மன்னிக்கப்படுகிறது என்று ஹதீஸில் வந்துள்ளது. ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்னும் கருத்தையும் போதித்தார்கள். முள் குத்தினால் நன்மை உண்டென்பதால் முள்ளை எடுக்காமல் விட்டவர் யார்? முள் குத்திய நன்மை குத்தியபோதே எழுதப்பட்டாயிற்று. எடுப்பதால் அது அழிவதில்லை.

மருந்தை மறுத்த பெரியவர்களும் உண்டு. மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் கால் அழுகியபோது, மயக்கும் பானத்தை மறுத்து, திக்ரு செய்தவாறே காலை அறுக்கவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறும். இதை மிம்பர்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் கேட்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். மறுத்தவர் உர்வாவே. அவருடைய அண்ணன் அவருக்காக மறுக்கவில்லை.

இன்னும் தெளிவானது வலிப்பு நோயுள்ள பெண்மணியின் ஹதீஸ். தமக்காகத் துஆ செய்யுமாறு அவர் வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் குணமடையத் துஆ செய்கிறேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு வழிகளையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். கூடவே, வலிப்பின்போது ஆடை விலகிவிடுகிறதே, அது நேராமலிருக்க மட்டும் துஆ செய்யுங்கள் என்றார். அப்படியே துஆ செய்தார்கள். பொறுமையை ஏற்றுக்கொண்ட அந்தப் பெண்மணியும் ஒரு துயரத்திலிருந்து விடுதலை கேட்டார். கேட்டது தவறென்று சொல்லப்படவில்லை. முடிவு அவருடைய கையில் விடப்பட்டது.

பிறர் நோன்பை நாம் நோற்க முடியாதது போலவே, பிறர் சபுரையும் நாம் செய்ய முடியாது. கட்டிலின் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர், கட்டிலில் கிடப்பவருக்காகப் பொறுமையைத் தேர்ந்தெடுப்பது சபுர் ஆகாது. புத்தி தடுமாறிச் சட்டையைப் பிய்த்துக்கொள்ளும் நிலையில் உள்ளவர் எதைப் பொறுக்கிறார்? பொறுமைக்கும் அறிவு வேண்டுமே!

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது, வேண்டாமென்று சைகை செய்தும், நோயாளிக்கு மருந்து கசக்கத்தான் செய்யும் என்றெண்ணி வீட்டார் வாயோரத்தில் மருந்தை ஊற்றிவிட்டனர். தெளிந்ததும் அதை அவர்கள் கண்டித்து, அங்கிருந்தவர்களுக்கெல்லாம் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள். ஆகவே, தெளிவோடு இருந்து கலிமாவோடு போகிறேன் என்று ஒருவர் கூறினால், அவரை வற்புறுத்தி உறங்க வைக்கவும் நமக்கு உரிமை இல்லை. நோயாளிக்கு அறிவு தெளிவாக இருக்கும் நாளிலேயே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது வீட்டார் கடமை. “அத்தா, ரொம்பக் கஷ்டமானால் தூங்க வைக்கட்டுமா, வேண்டாமா?” என்று கேட்பதற்குக் கூச்சப்பட்டுத்தான் பல வீடுகளில் இந்தச் சண்டை கட்டிலடியில் நடக்கிறது.

கலிமாவும் தொழுகையும்

மகனின் பெரிய அச்சம் கலிமாவைப் பற்றியது. யாருடைய கடைசிப் பேச்சு லாஇலாஹ இல்லல்லாஹ் ஆகிறதோ அவர் சுவர்க்கம் புகுவார் என்ற நற்செய்தி அபூதாவூதில் உண்டு. இதற்கு ஆலிம்கள் தரும் விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். மரணத் தறுவாயில் ஒருவர் கலிமாவை ஒருமுறை மொழிந்துவிட்டால், அதன்பின் வேறு பேச்சுப் பேசாத வரை, திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி நச்சரிக்கலாகாது. அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) அவர்கள் தம் மரண வேளையில் இதையே சொன்னதாகத் திர்மிதீயில் காண்கிறோம்: ஒருமுறை சொல்லிவிட்டேன், வேறு பேச்சுப் பேசாத வரை நான் அதன் மீதே இருக்கிறேன் என்பது அன்னாரின் கருத்து. அப்படியானால், கலிமாவைச் சொல்லிவிட்டு உறங்கியவரின் கடைசிப் பேச்சு எது? கலிமாதான். வேதனையில் அலறிக்கொண்டு இருப்பவரின் நாவில் கடைசியாக என்ன வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

தொழுகையைப் பற்றி: நின்றோ, உட்கார்ந்தோ, படுத்தோ, சைகையாலோ தொழ முடிந்தவரை அது கடமை. எனவே தேவையில்லாமல் உறக்கத்தை வலியப் போய்த் தேடக்கூடாது. உறங்குபவர் விழிக்கும்வரை அவர் மீது எழுதுகோல் உயர்த்தப்படுகிறது என்பது ஹதீஸ். தவறிய வக்துகளின் களாவைப் பற்றி மத்ஹபுகளில் விரிவான சட்டங்கள் உள்ளன. ஹனஃபி மத்ஹபில் ஃபித்யாவுக்காக வஸிய்யத் செய்து வைக்கும் முறையும் உண்டு. இவற்றை நோயாளி தெளிவாக இருக்கும்போதே மஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

வீட்டார் தம் உள்ளத்தைக் கேட்கட்டும்

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் திருப்பூரில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. பீஸ்ரேட்டில் தைப்பவர் ஒரு வாரம் கட்டிலருகே உட்கார்ந்தால் சனிக்கிழமை வெறுங்கையோடு நிற்பார். ஆர்டர் அவசரமென்றால் ஒன்றரை ஷிப்ட் ஓட்டச் சொல்லி ஆள் வரும். இந்த நெருக்கடியில், “எப்படியாவது சீக்கிரம் முடிந்தால் தேவலை” என்ற எண்ணம் நல்ல பிள்ளைகளின் மனதிலும் எட்டிப்பார்க்கும். எண்ணம் வருவதற்காகத் தன்னைச் சபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த எண்ணத்தின் கையில் பேனாவைக் கொடுத்துக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். தவிப்பது நோயாளியா, பார்த்துக்கொண்டிருக்கும் நாமா என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். இன்னும் பல மாதம் வாழக்கூடியவரை ஆழ்ந்த மயக்கத்தில் போட்டு உணவையும் நீரையும் நிறுத்துவது, நாம் இதுவரை கூறிய எந்த அனுமதியிலும் சேராது.

தனி ஒரு குடும்பம் இதைச் சுமக்க முடியாதென்றால் ஜமாஅத் எதற்கு? பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டு டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில் தெருத் தெருவாகப் பரவிற்று. டீக்கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் பயிற்சி பெற்று, நர்சுகளோடு வீடு வீடாகச் சென்று படுக்கையில் கிடப்போரைக் கவனிக்கின்றனர். அதை நடத்துவது பெரும்பாலும் ஊராரின் சில்லறைக் காசுதான். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. குலாம் காதர் அவர்கள் 1925 வாக்கில் கையால் சுற்றும் பின்னல் மிஷினைக் கொண்டுவந்து இந்த ஊரின் தொழிலுக்கே வித்திட்டார் என்று பெருமையோடு பேசுகிறோம். அந்த ஊரின் மஹல்லாக்கள், சந்தாப் புத்தகத்தில் நோயாளிகளுக்கென்று ஒரு பக்கம் திறக்கக் கூடாதா? ஒருவர் கட்டிலருகே இருக்க, அவர் வீட்டு ஒரு வாரச் செலவை ஜமாஅத் ஏற்றால் எத்தனை கையெழுத்துகள் கலங்காத மனதோடு போடப்படும்!

அந்த வீட்டில் நடந்தது

ஞாயிறு மாலை ஆலிம் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போனோம். நல்ல நேரமாக, நோயாளிக்குச் சிறிது தெளிவு இருந்தது. ஆலிம் அவர் காதருகே குனிந்து நிதானமாக விளக்கினார். டாக்டரும் விளக்கினார். கட்டிங் மாஸ்டர் மகனைப் பார்த்து, “ராத்திரிக்கு மட்டும். சுபுஹுக்கு எழுப்பு” என்றார். மூச்சு வாங்க வாங்க அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தரவேண்டிய ஒரு கைமாற்றுக் கடனை மகனிடம் குறிக்கச் சொன்னார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மாப்புக் கேட்டார். பெரியத்தா அழுதுவிட்டார். அவரும் அன்பினால்தான் தடுத்தார். தம்பிக்குச் சுவர்க்கம் தவறிவிடுமோ என்பதே அவருடைய பயம்.

அன்றிரவு பல நாட்களுக்குப் பிறகு அவர் உறங்கினார். திங்கள் அதிகாலை மருந்தைக் குறைத்தார்கள். தயம்மும் செய்வித்தார்கள். சைகையால் சுபுஹு தொழுதார், கலிமா சொன்னார். அதற்குள் திணறல் மீண்டும் பிடித்துக்கொண்டது. கையை அசைத்தார். இந்தமுறை மருந்தைக் கூட்டத்தான் வேண்டியிருந்தது. பிறகு அவர் பேசவில்லை. மகன் பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே இருந்தார். அண்ணன் அருகிலிருந்து யாஸீன் ஓதினார். புதன்கிழமை அஸருக்குப் பின் அமைதியாக மூச்சு நின்றது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மகன், “நான் போட்ட கையெழுத்து சரிதானா மாமா?” என்று மறுபடியும் கேட்டார். அஸ்ஸுமர் அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுவதை அவருக்கு நினைவூட்டினோம். மரிப்பவரின் உயிரையும் அவனே கைப்பற்றுகிறான். உறங்குபவரின் உயிரையும் அவனே கைப்பற்றுகிறான். யாருக்கு மரணம் விதித்தானோ அவருடையதை நிறுத்திக்கொள்கிறான்; மற்றதைக் குறித்த தவணை வரை திருப்பி அனுப்புகிறான். உறக்கம் கொடுத்தது டாக்டரின் மருந்து. தவணை எழுதியது அல்லாஹ். உமது கையெழுத்து தவணைச் சீட்டில் விழவில்லை தம்பி, வேதனைச் சீட்டில்தான் விழுந்தது என்றோம். வெள்ளியன்றே நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

ஸகராத்தின் வேதனை நாயகத்துக்கும் (ஸல்) இருந்தது. தண்ணீரில் கையை நனைத்துத் திருமுகத்தைத் தடவிக்கொண்டே, மரணத்துக்கு வேதனைகள் உண்டு என்று அவர்கள் கூறினார்கள். வேதனை உண்டென்று கூறிய அந்த நாவோடு, குளிர்ச்சியைத் தேடிய அந்தக் கையையும் நாம் மறவாதிருப்போம்.

யா அல்லாஹ்! வாழ்வது நலமாக இருக்கும்வரை எங்களை வாழச் செய்வாயாக! மரணம் நலமாகும்போது ஈமானோடு எங்களைக் கைப்பற்றுவாயாக! எங்கள் நோயாளிகளின் வேதனையை இலேசாக்குவாயாக! அவர்களைக் கவனிப்போரின் எண்ணத்தைத் தூய்மையாக்குவாயாக! ஆமீன்.